முழங்காலின் சாட்சியம்

நகரத்தில் பதினொரு வாக்குச்சாவடிகள் இருந்தன. பதினொன்றும் ஒழுங்காக நடந்து வந்ததால் நிர்வாகத்துக்கு அவற்றின்மேல் சந்தேகம் வந்தது. ஆகவே வாக்காளர் நலனை உத்தேசித்து, பதினொன்றையும் ஒன்றாக்கி, குன்றின்மேல் இருக்கும் நகர மண்டபத்தில் வைப்பதென்று யோசனை. மண்டபத்துக்கு நூற்று நான்கு படிகள். பொதுமக்களைக் கேட்காமல் எதையும் செய்யும் வழக்கம் அந்த அலுவலகத்துக்குக் கிடையாது, கேட்டுவிட்டுத்தான் செய்யும். கருத்துக் கேட்புக் கூட்டமும் அதே மண்டபத்தில்தான் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நோட்டீஸைப் படித்ததிலிருந்து பூட்டுக்காரரின் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவள். தேர்தலன்று எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தம்பி தள்ளிக்கொண்டு போவார். வரிசையில் முதல் ஆள் அவள்தான். ஓட்டுப் போட்ட கையோடு, ஜெயிக்கப் போகிறவனை அன்றைக்கே திட்ட ஆரம்பித்துவிடுவாள். வருஷம் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே வெளிவேலை அது.

"நீ போய்ச் சொல்லுடா. எங்க அக்காவால ஏற முடியாதுன்னு சொல்லு, போதும்," என்றாள்.

பூட்டுக்காரருக்கே வலது முழங்கால் தேய்ந்து பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் அக்கா பேச்சைத் தட்ட முடியுமா? கடையைச் சாத்திவிட்டு, கம்பை ஊன்றி, ஆறு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தார்.

மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள். வந்திருந்தது ஒன்பது பேர். அதில் நாலு பேர் நாற்காலி போட்டவர்கள். நடை எண்ணும் கடிகாரம் கட்டிய உடற்பயிற்சிக்கூடக்காரர் எழுந்து, படியேறி ஓட்டுப் போட்டால் ஜனநாயகமும் வலுக்கும், தொடையும் வலுக்கும் என்று அரைமணி நேரம் பேசினார். கூட்டத்தை நடத்திய அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்குத் தனக்கு ஏழாயிரம் அடி ஆகிவிட்டதாகச் சபைக்கு அறிவித்தார். ஊழியர்கள் கைதட்டினார்கள்.

பூட்டுக்காரரின் முறை வந்தது. மூச்சு வாங்கியபடியே, தெருவில் நடக்க முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள், தனக்கே முழங்கால் போய்விட்டது என்றார்.

அதிகாரி ஆவலோடு நிமிர்ந்தார். "அப்ப உங்கள யார் தூக்கிட்டு வந்தது?"

"யாரும் தூக்கல சார். நானாத்தான் ஏறி வந்தேன்."

"எழுதிக்குங்க," என்றார் அதிகாரி.

குமாஸ்தா எழுதினார்: 'முழங்கால் பழுதுற்ற வாக்காளர் ஒருவர் எவ்வித உதவியுமின்றித் தாமே வந்து சேர்ந்தமையால், மேற்படி படிகள் அனைவருக்கும் உகந்தவை என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது.'

"சார், எங்க அக்காவால வர முடியல சார்."

"வரலைன்னா அவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம்."

"வர முடியாததுதான் சார் ஆட்சேபணையே."

"அதை அவங்க நேர்ல வந்து சொல்லணும்."

பூட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஊரில் அவர் திறக்காத பூட்டில்லை. இதில் சாவித் துவாரத்தையே காணோம்.

அவர் இறங்கி வருவதற்குள் தீர்மானம் தெருவுக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் நூறு பேருக்கு மேல் கூட்டம். முடிவெட்டுகிறவர், ரொட்டிக்கடைக்காரர், வாத்தியார் எல்லாருக்கும் பூட்டுக்காரர் மேல்தான் கோபம். இவர் ஏறப் போய்த்தானே அவர்களுக்குச் சாட்சி கிடைத்தது, பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். போகாமல் இருந்திருந்தால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதியிருப்பார்கள் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவனை விடுங்க. நோட்டீஸ்ல கடைசி வரியைப் படிச்சீங்களா? நாளைக்குள்ள நூறு பேர் நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டா, மறுபடி யோசிச்சே ஆகணுமாம். இங்க நூறு பேருக்கு மேல நிக்கறீங்க. காலையில ஏறிடலாமா?"

உடனே முடிவெட்டுகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு மூச்சிரைப்பு. வாத்தியாரைப் படியேறக் கூடாதென்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம். தினமும் பத்தாயிரம் அடி நடக்கும் துணிக்கடைக்காரர், அதெல்லாம் சமதரையில்தான் என்றார். ஒவ்வொருவராக முதுகைப் பிடித்துக்கொண்டும் காலை இழுத்துக்கொண்டும் நகர்ந்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் தெரு காலி. அந்தத் தெருவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆள் அக்கா ஒருத்திதான் என்று தெரிந்தது.