புனலுக்குள் ஒரு பேய்

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் காலை ஒன்பது மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

காதில் இரைச்சல், தலையில் பாரம் என்றால் இங்கேதான் வரவேண்டும். குறி சொல்லும் காதய்யா பித்தளைப் புனலை வந்தவர் காதில் வைத்து, உள்ளே குடியிருக்கும் பேயின் பேச்சைக் கேட்பார். பேய் பேசுவது அவருக்கு மட்டுமே புரியும். வசதியான ஏற்பாடு.

வரிசையில் நின்ற ஒரு தையல்காரியை இழுத்து வந்தவன் அவள் அண்ணன், பணிமனை மெக்கானிக். மண்டைக்குள் நீரழுத்தம் ஏறிக் கண் நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையை விட்டால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் எச்சரித்திருந்தார். ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாலே அவளுக்கு உலகம் இருண்டு, பிறகுதான் திரும்பி வரும். மாத்திரை போட்டால் விரல்கள் குறுகுறுத்தன. அதைக் கேட்டு மிரண்ட அண்ணன், பத்து நாளாக மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தான்.

காதய்யா புனலை வைத்தார். கண்ணைச் சொருகினார்.

"ஷ்ஷ்னு சீறுதாம்மா?"

"ஆமாங்கய்யா."

வாசலில் பெயர் எழுதுகிற ஆளிடம் அவள் இதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

"எனக்கும் நல்லா கேக்குது. மாத்திரைதான் அதுக்குத் தீனி. தொடவே கூடாது."

"பாத்தியா?" என்றான் அண்ணன்.

"இருண்ணே. அய்யா, அது சீறும்போதெல்லாம் மேசையில ஒரு தட்டு தட்டுங்க. அண்ணே, நீ என் நாடியைப் பிடி."

"எதுக்கு?"

"இது ரத்தம் ஓடுற சத்தம், நாடியோட சேந்துதான் வரும்னு டாக்டர் சொன்னாரு. பிடியேன். இன்ஜின் சத்தத்துக்கு மட்டும்தான் காதைத் தீட்டுவியா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. காதய்யா தட்டினார், யானை நடப்பதுபோல நிதானமாக. அண்ணனின் விரலடியில் நாடியோ குதிரையாக ஓடியது.

"இப்ப நான்." கண்ணை மூடி, காதில் கேட்டபடியே தட்டினாள். ஒவ்வொரு தட்டும் துடிப்பின்மேல் விழுந்தது.

"யோவ், உனக்கு டைமிங்கே தப்பா இருக்கே!" என்றான் மெக்கானிக்.

"பேய் ஒளிஞ்சுக்கிச்சுப்பா..."

"அப்ப இத்தனை நேரம் எதைக் கேட்டுத் தட்டினே?"

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். காதய்யா பின்வழியாகப் போனார், புனலை விட்டுவிட்டு.

காதைக் கொடுக்க அத்தனை பேர் வந்தார்கள். பொய்யைப் பிடிக்க இரண்டு விரல் போதுமாயிருந்தது. விரல் எல்லோருக்கும் இருக்கிறது.

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். மண்டை அழுத்தம் குறைய முதுகில் ஊசி போட்டு நீரெடுத்தார்கள். மாத்திரையும் குறுகுறுப்பும் தொடர்ந்தன. ஏழு வாரத்தில் நரம்பு வீக்கம் வடிந்தது. அந்தப் பத்து நாளில் போன வலது கண்ணின் ஓரப் பார்வை மட்டும் திரும்பவில்லை.