என் முதுகுவலியும் மனைவியின் குறிப்பேடும்

மனைவியைக் காட்டுக்கு அனுப்புவதில்லை என்று பல் தேய்க்கும்போதே உறுதியாக முடிவெடுத்துவிட்டேன். வாயில் நுரை இருந்ததால் உரக்கச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்தவள். எழுதிய பிள்ளைக்கே புரியாத கையெழுத்தைப் படித்து மதிப்பெண் போட்டவள். இப்போது சிம்பன்சிகள் கையை ஆட்டி என்ன பேசிக்கொள்கின்றன என்று ஆராய்கிறாள். ஒரு குட்டி கையை நீட்டினால், அது 'கொடு' என்கிறதா 'தூக்கு' என்கிறதா என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்ப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்.

ஆனால் ஆறு மாதம் காட்டில் தங்கப் போகிறாள் என்றதும் பெருமை பாதியாகிவிட்டது. நானோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அவள் ஆறு மணிநேரம் இல்லாவிட்டாலே சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஆகவே, முதுகுவலி. அவள் பெட்டியைத் திறந்தால் இடுப்பைப் பிடித்தேன். துணி மடித்தால் "அம்மா!" என்றேன். ஒரு வாரம் மாடாய் உழைத்தேன்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"நீ கிளம்பு. நான் தவழ்ந்தாவது சமாளிச்சுக்கறேன்."

"அய்யோ பாவம்!" என்று திரும்பி, கண்ணாடி அலமாரியை அடுக்கத் தொடங்கினாள். அந்த அலமாரியை ஏன் தினமும் பத்து முறை அடுக்குகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் குறிப்பேட்டை நீட்டினாள்.

"சிம்பன்சி தன்பாட்டுக்குச் சொறிஞ்சா அது அரிப்பு. நாம பார்க்கறோமான்னு பார்த்துட்டுச் சொறிஞ்சா, அது பேச்சு. எங்க வேலையில முதல் பாடமே இதுதான். படிங்க."

படித்தேன்.

'முதுகைப் பிடித்தல்: நாற்பத்தொரு முறை. நான் பார்த்தபோது: நாற்பத்தொன்று. திரும்பியிருந்தபோது: ஒன்றுமில்லை. தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையால் தூக்கியது கண்ணாடியில் தெரிந்தது. பொருள்: என்னை விட்டுப் போகாதே.'

கண் கலங்கிவிட்டது. நான் வாய்விட்டுச் சொல்லாததைக்கூடப் படித்திருக்கிறாளே! இவளையா ஏமாற்றப் பார்த்தேன்?

"அப்போ... போகலையா?"

"போறேன். நீங்களும் வர்றீங்க. உங்களை விட்டுட்டு இருக்க எனக்கு மட்டும் ஆசையா?"

"நானுமா? ஆராய்ச்சிக்கா?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"இல்லைங்க. மலை மேல கேமரா பெட்டி சுமக்க ஆள் தேடினாங்க. இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பினேன், உடனே உங்களை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."