ஊதுபத்திக்காரர் மறந்த கடல்காற்று

எங்கள் கருங்குழித் தெருவில் ஊதுபத்திக்காரர் அனுமதி கொடுக்காமல் காற்றுகூட வீசியதில்லை. ஊதுபத்தி விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அன்றைக்குக் கெட்ட நேரம். "ஜன்னல சாத்து! கொயந்தைங்கள உள்ள இஸ்து போடு!" என்று கத்திக்கொண்டே போவார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

மார்கழியில் பனியோடு சேர்ந்த ரைஸ்மில் புகை. போகிக்கு டயர். சித்திரையில் நவரை நெல் அறுத்த வயல்களில் தாள் கொளுத்துவார்கள். ஆடியில் ரோட்டு மண் பாதி நம் வாய்க்குள். அவருடைய சம்சாரம் ஒரு மார்கழியில் மூச்சு கிடைக்காமல் போனவர். அதிலிருந்து அவருக்குப் பன்னிரண்டு மாதமும் பயம்தான். எனக்கும் இழுப்பு உண்டு. மகன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறான், வீட்டில் நான் ஒருத்தி. அவர் குரல் கேட்ட பிறகுதான் வாசல் தெளிக்கவே வருவேன். ஆனால் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரோடும் எனக்குச் சட்டென்று பேச வராது.

ஒரு போகிக்கு எதிர்வீட்டு ஏழுமலை லாரி டயர் ஒன்றை உருட்டி வந்தார். ஊதுபத்திக்காரர் போய் அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னையும் சேத்துக் கொளுத்துடா!"

"யோவ், நீ கையில பொகைய வெச்சிகினு எங்கள பொகை போடாதன்றியே, நாயமா கீதா?"

"இது வேவு பாக்குற பொகைடா. உன்து கொலைகாரப் பொகை!"

பொழுது விடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பு மாட்டிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஏழுமலையேதான் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இழுத்த உறவோ என்னவோ, அதற்கப்புறம் வயலில் தாள் கொளுத்துவதென்றால் ஏழுமலை அவரைக் கேட்காமல் தீக்குச்சி உரசுவதில்லை.

போன சித்திரையிலும் அப்படித்தான் காலையில் கேட்டார். வயல் தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது. ஊதுபத்திப் புகையும் கிழக்கே சாய்ந்தது. "கொளுத்திக்கோ நைனா" என்றார் இவர். ஏழுமலை உடனே கொளுத்தியிருந்தால் வம்பில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குக் கொளுத்தினார். சித்திரையில் மத்தியானமானால் கிழக்கே மாமல்லபுரம் பக்கமிருந்து கடல்காற்று தெருப் பக்கம் திரும்பிவிடும். எங்கள் ஊர்க் கோழிக்குக்கூட அது தெரியும். அன்றைக்கு இந்த இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. பிறகு சுவர் தெரியவில்லை. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இழுப்பு மருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன், வெறும் சத்தம்தான் வந்தது. கத்த வேண்டும் என்று தெரிகிறது. சாதாரண நாளிலேயே கத்தத் தெரியாதவள், அன்றைக்கு எப்படிக் கத்துவேன்? கதவுக்கும் எனக்கும் பத்தடி. தவழ்ந்தேன். பாதியில் கை மடங்கிவிட்டது. இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"யம்மா! யம்மோவ்! கதவ தொற!"

வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்த ஊதுபத்திக்காரர் குரல். திறக்க நான் எங்கே? அவரே உடைத்தார். ஈரத்துண்டை என் முகத்தில் போட்டு, அவருடைய டிவிஎஸ் வண்டியில் தூக்கி உட்காரவைத்தார். அந்நிய ஆம்பளை முதுகில் சாய்ந்து நான் போனது அந்த ஒரு நாள்தான். வழியெல்லாம் ஹாரனை அழுத்தியபடி, "நான்தான் கொளுத்த சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று அழுதுகொண்டே ஓட்டினார். எதிரே வந்த பஸ்காரர் பயந்து ஓரம்கட்டினார்.

மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் என் மூக்கில் மாஸ்க்கை மாட்டிவிட்டு நர்ஸ் அவரிடம் கேட்டாள்: "நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?"

"கொலகாரன் சிஸ்டர். எய்திக்கோங்க."

நர்ஸ் எழுதவே ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சில்லை.

நான் திரும்பி வந்த பிறகு அவர் தெருவுக்கே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். ஏழுமலை போய்க் கூப்பிட்டும், "இன்னொருத்திய சாவடிக்க சொல்றியா?" என்று உள்ளிருந்தே கேட்டாராம். ஒரு வாரம் காலையில் சத்தமே இல்லை. அவரவர் இஷ்டத்துக்குக் குப்பையைக் கொளுத்தினார்கள். புகையைவிட அந்த அமைதிதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

எட்டாம் நாள் துவைத்த துணி வாளியோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே... இன்னிக்கி துணி காயப்போடலாங்களா?"

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகத்தில் ஒரு வாரத் தாடி. வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போடாதம்மா. உள்ள போ."

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு துளி புகை இல்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அத்தனை ஈரத்துணியையும் சமையலறைக் கொடியில் போட்டேன்.