பேரிகைக்குப் பஸ் ஏறிய சோபா

வாடகை வீட்டுக்காரன் ஒரு சாமான் வாங்கினால், அது அழகாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. தலையில் தூக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் நான் கண்டுபிடித்த உண்மை இது. (ஐந்தாவதோடு நின்றவனும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டாமா?)

வருடம் ஒரு வீடு மாறிக்கொண்டிருந்ததால் நானே ஒரு சோபா செய்தேன். கிருஷ்ணகிரி மண்டியில் தூக்கிப்போட்ட மாம்பழப் பெட்டிகளைப் பிரித்துச் சட்டம். உட்காரவும் சாயவும் சாக்கில் அடைத்த ராகி வைக்கோல். மேலே பூப்போட்ட பெட்ஷீட்.

"காத்தடிச்சா கர்நாடகாவுக்குப் போயிரும், கட்டி வைடா" என்றான் உடன் தங்கியிருந்த பாஷா.

அடுத்த வீடு மாறியபோது சோபா வண்டியில் மழையில் நனைந்தது. புது வீட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டேன். பெட்ஷீட்டை மட்டும் துவைத்து விரித்தேன். மூன்று வாரமாகச் சாரல் விடவில்லை.

அப்போதுதான் பேரிகை கிராமத்திலிருந்து, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். பெண்ணை முன்பே பார்த்திருந்தேன். (பாதத்தை மட்டும். நிமிரத் தைரியமில்லை.) அதற்கே எனக்குத் தூக்கம் போயிருந்தது. அவருக்கோ ஒரே சந்தேகம்: ஒரு இடத்தில் நிற்காத ஆளுக்கு எப்படிப் பெண் கொடுப்பது?

என் தரப்பில் பேச பாஷா மட்டும்தான். "உங்க பக்கம் மழை எப்படிங்க மாமா?"

"மழைக்கென்னப்பா. ராகி நாத்து விட்டிருந்தேன், மாடு மேஞ்சிருச்சு. காட்டை உழுது போட்டுட்டு நாத்துக்கு ஊரூரா அலையறேன்" என்று பெருமூச்சுவிட்டுச் சோபாவில் சாய்ந்தார்.

சாய்ந்தவர் விருட்டென்று எழுந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. "ஈரமா இருக்குதே?"

"குளுகுளுன்னு இருக்கட்டும்னுதாங்க மாமா" என்றான் பாஷா.

அவர் ஒற்றைக் கையால் சோபாவை இழுத்தார். கனமான சோபாவாக இருந்திருந்தால் என் மானம் சுவரோரமாகவே பத்திரமாக இருந்திருக்கும். சல்லென்று வந்துவிட்டது.

பின்பக்கம் முழுக்கப் பச்சை! சாக்குக் கண்களில் நுழைந்து வந்த ராகிப் பயிர், சாண் உயரத்துக்கு ஜன்னலைப் பார்த்து நின்றது.

என் கையிலிருந்த டீ டம்ளர் விழுந்தது. பாஷா வாயடைத்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

அவர் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார். "தேவுடா! வைக்கோல்ல கதிரு தங்கிப் போயிருக்குது, அதான் மொளச்சிருக்குது. நடறதுக்கு நல்ல பதம். நான் எடுத்துக்கலாமாப்பா?"

தலையாட்டினேன். பாஷா மெதுவாக, "பொண்ணு விஷயம்…" என்று இழுத்தான்.

"மொதல்ல நாத்து. வாடிப்போயிரும்."

சாய்மானத்தை அப்படியே அவிழ்த்து, ஈரத்துண்டு சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். "என்னங்க இது?" என்றார் கண்டக்டர். "சோபா" என்றார் அவர். வழியனுப்பப் போன நான் ஒரு விளக்குக் கம்பத்தின் பின்னால் ஒளிந்தேன்.

பத்து நாள் கழித்துச் சேதி வந்தது: 'வாடகை வீட்டுலயே பயிர் வைக்கிறவன், எங்க போனாலும் பொழச்சுக்குவான்.'

கல்யாணமாகி மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். கூச்சத்தில் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே சுடச்சுட ராகிக் களி உருண்டையைக் கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் சொன்னதை, களி கிண்டும் நாளெல்லாம் இன்றும் என் மனைவி அவர் குரலிலேயே சொல்கிறாள்:

"கூச்சப்படாம சாப்புடுங்க மாப்ளே. உங்க சோபாதான்."