மல்லி குடித்த அடைப்பிரதமன்

குதிரைக் குளம்பைப் பற்றி நாடி அண்ணாச்சிக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தால், அது குதிரைக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் நான் மேனேஜர். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் நாலு குதிரைகளுக்கும் லாடம் அடிப்பவர் அவர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. குளம்புக்கு மேலே இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி நாடி பார்ப்பார். அந்நேரம் நீங்கள் தும்மினால் தொலைந்தீர்கள்.

மனிதர்களுக்கெல்லாம் 'லே'. குதிரைகளுக்கு 'வாங்க, போங்க'. யார் முகத்தையும் பார்க்க மாட்டார், செருப்பைத்தான் பார்ப்பார். முதலாளியை முதன்முதலில் பார்த்தபோது வணக்கத்துக்குப் பதில், "முதலாளி, இடது முட்டியில வலி உண்டுமா?" என்று கேட்டார். உண்டு! முதலாளி அன்று அசந்தவர்தான்.

ஒரு திருவோணத்துக்கு மறுநாள் எங்கள் வெள்ளைக் குதிரை மல்லி அசைய மறுத்தாள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுச் சாய்ந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வடநாட்டு மாப்பிள்ளை அவள்மேல் ஊர்வலம் வரவேண்டும்.

"வயித்துல காத்து. கொறச்சு தூரம் நடத்தினா செரியாவும்," என்று முதலாளி கயிற்றைப் பிடித்தார். நல்லவேளை, அன்று அண்ணாச்சி வரும் நாள். ஓடிவந்து குளம்பைத் தொட்டார், விரலை வைத்தார், கண்ணை மூடினார். திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"குளம்பு கொதிக்கு. நாடி படபடன்னு அடிக்கு. இப்ப நடத்தினா உள்ள இருக்க எலும்பு பிடி விட்டுக் கீழ இறங்கிரும் முதலாளி. அப்புறம் இவிய எந்திரிக்கவே மாட்டாவ." எங்கள் பக்கம் திரும்பினார். "இனிப்பு மிஞ்சினா குளம்புலதான் கொதிக்கும். எவம்லே இவியளுக்கு இனிப்புக் குடுத்தது?"

மூலையில் கிடந்த காலி வாளியில் வெல்லம் மணத்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காதவர்களில் முதல் ஆள் நான். ஓண விருந்தில் மிஞ்சிய அடைப்பிரதமன் பாயசத்தைச் சோற்றோடு பிசைந்து, 'பாவம், இவளுக்கும் ஓணம்தானே' என்று வாளி நிறைய வைத்த புண்ணியவான் நானேதான்.

"கல்யாணத்துக்கு வாக்குக் குடுத்துப்போச்சல்லோ அண்ணாச்சி!" என்று முதலாளி அழாத குறை.

"மாப்பிள்ளைய நான் சுமக்கேன். இவிய நடக்க மாட்டாவ." சொல்லிவிட்டு கேட்டுக்குக் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், அந்த ஒற்றைநாடி மனிதர்!

கால்நடை டாக்டரம்மா வந்து, வலிக்கு மருந்து போட்டு, எக்ஸ்ரேயைப் பார்த்தார். "அண்ணாச்சி பறஞ்சது செரி. எலும்பு இறங்கலை. நடத்தியிருந்தா..." என்று பாதியில் நிறுத்தி, "மூணு நாள் கால் ஐஸுல நிக்கணும்," என்றார்.

அவ்வளவு ஐஸுக்கு எங்கே போவது? மீன்காரர்களிடம்தான். பெட்டி பெட்டியாக நானே சுமந்தேன். மல்லி ஐஸ் தொட்டியில் நின்றாள். பள்ளி முழுக்க அயிலை நாற்றம். தீவனத்தை நிறுத்தி, தண்ணீரில் ஊறவைத்த காய்ந்த புல் மட்டும் கொடுத்தார் அண்ணாச்சி. கீழே மணலைக் கொட்டி மெத்தை போட்டார். ஐ.டி. பிள்ளைகள் கம்ப்யூட்டர் பெட்டியில் வந்த தெர்மோகோலை அள்ளிவர, குளம்பளவுக்கு வெட்டி, அடியில் மெத்தையாக வைத்து டேப் சுற்றினார். ஆட்டோவில் ஊர்வலம் போன அந்த மாப்பிள்ளைகூட, போகிற வழியில் ஒரு கட்டு தெர்மோகோலை இறக்கிவிட்டுத்தான் போனார்.

மாதங்கள் ஓடின. ஒரு காலையில் டாக்டரம்மா தலையசைக்க, அண்ணாச்சி கயிற்றைத் தளர்த்தி, "நடங்க தாயி," என்றார். மல்லி நடந்தாள். 'பாருங்கய்யா எங்க அண்ணாச்சியை!' என்று பைபாஸில் போகிற லாரியையெல்லாம் நிறுத்திக் கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு.

அதற்குமேல் தாங்கவில்லை. "அண்ணாச்சி, அந்த வாளிய வச்சது நான்தான்."

"தெரியும்லே. அன்னைக்கே உன் செருப்புல பிரதமன் ஒட்டிக் கெடந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஓடியிருப்ப. ஐஸு எவன் சுமப்பான்?"

இப்போதும் ஒவ்வொரு திருவோணத்தன்றும் போன் வரும். ஹலோ கிடையாது, நலமா கிடையாது. "லே, வாளியக் கவுத்தியா?"

இந்த ஓணத்துக்குக் காலையிலேயே கவிழ்த்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.