குழம்புக்கு விடை பகர்ந்த படலம்

நாமகளே, நாவில் வீற்றிருப்பவளே, வந்து அருள்க. அருளிய பின் சற்றே ஒதுங்கி அமர்க, ஏனெனில் இங்கே போற்றப்படும் பெருமகன் உன்னை ஒருநாளும் கூப்பிட்டு வேலை வாங்கியவன் அல்லன். எருமப்பட்டிக்குக் கிழக்கே நாலு ஏக்கரா வெங்காயக் காட்டையும் ஒரு கிணற்றையும் இரண்டு காளைகளையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட எறுழ்வலித் தோளன், சொற்சிக்கனச் செம்மல், வினாக்கணை எத்தனை வரினும் ஒற்றைச்சொல் கேடயத்தால் தடுத்து வீழ்த்தும் வித்தகன், முப்பத்திரண்டு வயது நிரம்பிய வெள்ளியங்கிரி வாழ்க. அவன் வாய் வாழ்க. அவ்வாய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு ஆவணித் திங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், மோகனூரில் திறந்துகொண்ட வரலாறும் வாழ்க.

அவன் விடைகளின் வலிமையை ஊரறியும். வானம் கறுத்து வர, "மழை வருமுங்களா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கலங்கிக் கேட்டால், "பாக்கலாமுங்க" என்பான், அந்த ஒரு சொல்லுக்குள் மழையும் அடங்கும், வெயிலும் அடங்கும். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று வழிமறிப்போர்க்கு "இப்பிடித்தானுங்க" என்று உரைத்து, எத்திசை என்பதை அவர்தம் ஊகத்துக்கே விட்டுவிட்டு நடப்பான். ஒருமுறை மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய், கடலையும் கடலினும் பெரிதாய் இரைந்த மக்கள் வெள்ளத்தையும் கண்டு நான்காம் நாள் மீண்டவனை, டீக்கடையில் பன்னிரண்டு பேர் வளைத்து நின்று மெட்ராஸ் எப்படி என்று வினவினர். வெள்ளியங்கிரி நெடிது சிந்தித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். "ஊருதானுங்க" என்றான். பன்னிருவரும் படை கலைந்து போயினர்.

இத்தகு கோட்டையை ஐந்தாண்டுக் காலம் ஒற்றை ஆளாய் முற்றுகையிட்டவள் அவன் மனைவி வசந்தாமணி. மோகனூர்க் காளியண்ணன் மகள், அம்மிக்கல்லை அதிரச் செய்யும் அரைப்புக் கரத்தினள். நாள்தோறும் உச்சிப்பொழுதில், அவன் முதற்கவளம் எடுத்து வாயிலிட்ட கணமே, அவள் எய்யும் அம்பு ஒன்றே: "ஏனுங்க, கொழம்பு எப்படி இருக்குதுங்க?" அவன் ஏந்தும் கேடயமும் ஒன்றே: "இருக்குது." தோள் கடுக்க மசால் அரைத்து நாட்டுக்கோழி அடித்த தீபாவளிக்கும் இருந்தது. காய்ச்சலோடு எழுந்து வெறும் புளியைக் கரைத்து ஊற்றிய செவ்வாய்க்கிழமைக்கும் இருந்தது. இரண்டுக்கும் இருந்தது ஒரே இருப்பாய் இருந்ததுதான் அவளைச் சுட்டது.

ஆடிக் கடைசியில் ஒருநாள், தட்டப்பயிறும் கத்தரிக்காயும் இட்டு, பூண்டைத் தட்டிப்போட்டு அவள் வைத்த குழம்பு தெருமுனை வரை மணந்தது. கேட்டாள். இருக்குது என்றான். "இருக்குதுன்னா?" என்று ஐந்தாண்டில் முதன்முறையாக இரண்டாம் அம்பு எய்தாள். வீரன் தடுமாறவில்லை. "அதான், இருக்குது" என்றான்.

அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் காலை மஞ்சள் பையோடு வாசலில் நின்று, அம்மா ஊட்டுக்குப் போய் வாரேன் என்றாள். "எப்ப வருவ?" என்று கேட்ட வெள்ளியங்கிரியை ஏற இறங்கப் பார்த்து, அவள் பகர்ந்த மறுமொழி: "பாக்கலாமுங்க."

தான் தீட்டிய வேல் தன் மார்பிலேயே பாயக் கண்டு நின்றான் அவன்.

அதன்பின் கழிந்த பதினேழு நாட்களின் துயரை எந்நாவால் உரைப்பது? கடைவீதி ஓட்டலில் அவன் தஞ்சம் புகுந்தான். என்ன வேண்டும் என்று கேட்ட பரிமாறுகிறவனுக்கு, பழக்க தோஷத்தால், "என்னமோ ஒண்ணு குடுங்க" என்றான். என்னமோ ஒன்றே வந்தது. பதினேழு நாளும் அதுவே வந்தது. அதைக்கூட அந்த மலையுளத்தான் தாங்கியிருப்பான். ஆனால் தின்று முடித்துக் கைகழுவி வெளியேறுகையில், எப்படி இருந்தது என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. அந்த அமைதி அவன் காதில் நாள்தோறும் பெருகி, பதினெட்டாம் நாள் முரசமாய் முழங்கிற்று. வெள்ளை வேட்டி என்னும் கவசம் பூண்டு, எண்ணெய் தேய்த்த முடியை வகிடெடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் ஏந்தி, வீரன் புறப்பட்டான்.

நாமக்கல்லில் இறங்கி மோகனூருக்கு ஏறிய பஸ் என்னும் புகைகக்கும் இரும்புத்தேரில், சன்னலோர இருக்கை வாய்த்தது. வாய்த்ததும் அவன் உதடுகள் போர்ப்பயிற்சி தொடங்கின. 'நல்லா இருக்குது.' ஓசையின்றி ஒருமுறை. 'கொழம்பு நல்லா இருக்குது.' மறுமுறை. அவனருகே, மடியில் முருங்கைக்கீரைக் கட்டை வைத்திருந்த ஒரு மூதம்மை இந்த உதட்டசைவைச் சிறிதுநேரம் கவனித்துவிட்டு, "எங்க சாமி போறீங்க?" என்றாள்.

"இப்பிடித்" என்று பாதி எழுந்த கேடயத்தை, அவன் தன் இரு கையாலும் பற்றி இழுத்துக் கீழிறக்கினான். "மாமனார் ஊட்டுக்குங்க. சம்சாரத்தக் கூட்டியாரப் போறேன்."

வாழ்நாளில் அவன் வழங்கிய முதல் முழுவிடை அதுவே. மதகு திறந்தால் நீர் கேட்டா வரும்? அம்மை மேலும் ஒன்பது கேள்விகள் கேட்டாள்; ஒன்பதுக்கும் குருதி சிந்திப் பதிலிறுத்தான்; அணியாபுரம் தாண்டுமுன் குழம்புக் கதை முழுதும் வெளிவந்துவிட்டது. "நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட வேண்டியதுதான சாமி, வாயா வலிக்கப்போகுது?" என்றாள் அவள். வலிக்கும் என்பது அவனுக்கல்லவா தெரியும்.

காளியண்ணன் வீட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. மாமனார் துண்டை உதறி நாற்காலியைத் துடைத்தார். மாமியார் முத்தாயம்மாள் மோர் தந்தாள். மைத்துனன் சென்னிமலை வெங்காய விலை கேட்டான். வசந்தாமணி கதவருகே வந்து, "வாங்க" என்றாள். விருந்தாளியை அழைப்பது போன்ற வாங்க. அவளுக்கென்று ஏந்திவந்த வாழைப்பழச் சீப்பை அவன் மாமியாரிடம் நீட்டினான்.

பிறகு களம் விரிந்தது. மூன்று இலைகள், மூன்று ஆடவர். இலைநடுவே வெண்குன்றெனச் சோறு. அதன்மேல், கரண்டி ஏந்திய கையளாய் வந்த வசந்தாமணி வார்த்த தட்டப்பயிற்றுக் கத்தரிக்காய்க் குழம்பு. மூவரும் பிசைந்தனர். மூவரும் உண்டனர். அவள் நகரவில்லை.

"எப்படீங்கப்பா இருக்குது?" என்று முதலில் தந்தையை நோக்கினாள்.

"இருக்குது சாமி" என்றார் காளியண்ணன், தலை நிமிராமல்.

அண்ணனை நோக்கினாள். சென்னிமலை "ம்" என்று சொல்லிக் கூடக் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

மூன்றாவதாக அவள் திரும்பினாள். அடுக்களை நிலையருகே மாமியார் வந்து நின்றுகொண்டாள். "ஏனுங்க, கொழம்பு எப்படி இருக்குதுங்க?"

பஸ் பயணமெல்லாம் பயிற்றிய 'நல்லா இருக்குது' என்னும் சேனை, அணிவகுத்துக் கொடியுயர்த்தித் தொண்டை வாசலில் வந்து நின்ற அந்நேரம், நாக்கு என்னும் ஒற்றன் மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு சேதி சொன்னான்: குழம்பில் உப்பு இல்லை. துளியும் இல்லை. ஐயகோ, இதென்ன சூழ்ச்சி! நல்லா இருக்குது என்றால் பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் அவளை அழைத்துப்போக வந்திருக்கிறான். உப்பில்லை என்றாலோ மெய். ஆனால் பதினெட்டாம் நாளில், பெண் கொடுத்த வீட்டில், எல்லோர் முன்னிலும் அவள் கைச்சமையலில் குற்றம் கண்டவன் ஆவான். இருக்குது என்றால் முன்போலவே முடியும், தனியே திரும்பலாம். மூன்று வாயிலிலும் மூன்று பகைகள் வாளுருவி நிற்க, நடுவே வாயில் வைத்த கவளத்தோடு அவன் வீற்றிருந்தான். சோறு ஆறிற்று. ஓர் ஈ இலைவிளிம்பை வலம்வந்து மறுபடியும் வலம்வந்தது.

அப்போது அவனுக்கே தெரியாத ஒன்று அவனுக்குள் எழுந்து நின்றது. இந்தக் குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாண்டு அன்றாடம் தின்ற ருசி அத்தனையும், ஒன்று விடாமல், உள்ளே கிடந்தது.

கவளத்தை விழுங்கினான். "உப்பில்ல" என்றான். அதோடு நிற்கவும் முடியவில்லை. "நீ எப்பவும் சரியாப் போடுவ. பூண்டும் தட்டிப்போடுவ, இன்னிக்கு அதும் இல்ல. அன்னிக்கு வெச்சது அப்படி இல்ல. அது தெருவெல்லாம் மணந்துச்சு."

காளியண்ணன் கை அந்தரத்தில் நின்றது. சென்னிமலை தன் இலையை இப்போதுதான் பார்ப்பவன்போல் பார்த்தான்.

வசந்தாமணி கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். "நாந்தானுங்க போடல" என்றாள். முகத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, உள்ளே போய் உப்பு ஜாடியோடு வந்து, முதலில் அவன் இலையில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று முத்தாயம்மாள் தன் கணவரைக் கேட்டாள்.

"இருக்குதுன்னுதான சொன்னேன்."

"நாப்பது வருசமா அதத்தான சொல்றீங்க" என்று கூறி அந்த அம்மையார் உள்ளே போனாள். அன்று முழுவதும் அவருடன் பேசவில்லை.

அவ்வாறாகத் தன் வாயைத் தானே வென்ற வாகைசூடி, மாமனாரின் கோட்டையில் மற்றொரு போருக்கு வித்திட்டு, மஞ்சள் பையைத் தோளில் மாட்டி, மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை இடக்கையில் ஏந்தி, காவிரிக் காற்று வேட்டி நுனியைக் கொடியென அசைக்க, வெற்றிவேந்தன் முன்னே செல்ல, அவன் நடைக்கு ஈடுகொடுத்து வந்து இரண்டடி கழித்து அருகே சேர்ந்துகொண்ட வசந்தாமணியோடு, மோகனூர்ப் பெருவீதி கண்டு நிற்க, வெயில் தாழ, இருவரும் நிறுத்தத்தை அடைந்தனர்.

மூன்றரை மணி பஸ் அன்றைக்கு நாற்பது நிமிஷம் லேட்.