என் பேரில் இருந்த காற்று

இந்தக் கோடையில் மெல்டெமி காற்று கிளம்பியதும் நான் ஒரு முடிவெடுத்தேன். செவஸ்தியை ஒருமுறையாவது அழவைத்துவிடுவது.

கட்டிய மனைவியை அழவைக்கப் பார்க்கும் பாவி என்று என்னை ஏசுவதற்கு முன், கிரேக்க நாட்டில் இருக்கும் எங்கள் கார்ப்பதோஸ் தீவில் ஆண்பிள்ளை படும் பாட்டைக் கேளுங்கள். இங்கே தாயின் வீடு மூத்த மகளுக்கு. கட்டிக்கொள்கிறவன் துணிமூட்டையோடு வந்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரே வீட்டோடு மாப்பிள்ளை. மற்ற ஊர்களில் சண்டை வந்தால் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போவாளாம். இங்கே புருஷன்தான் போக வேண்டும். எங்கே போவான்? பிறந்த வீட்டில் அக்காள் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

எனக்கு மட்டும் ஒரு போக்கிடம் இருந்தது. அஃபியார்த்திஸ் கடற்கரையில் அப்பா விட்டுப்போன துண்டு நிலம். கல், முள், காற்று. ஆட்டைக் கட்டினால் முளையோடு பறக்கும். அதைச் சொல்லிச் சொல்லியே செவஸ்தி பாதி வாழ்க்கை சிரித்தாள். அப்புறம் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, கடல்மேல் பறந்தார்கள். அதற்குக் காற்று வேண்டும். என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. தகரக் கொட்டகை போட்டேன். பட்டமும் பலகையும் வாடகைக்கு விட்டேன். நானும் விழுந்து எழுந்து பறக்கக் கற்றுக்கொண்டேன். செவஸ்தி சிரிப்பதை நிறுத்தினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"மினாஸ், அந்த நிலத்த ரினியோவுக்குக் குடுத்துடு" என்றாள் ஒருநாள். ரினியோ எங்கள் இளைய மகள்.

"எதுக்கு?"

"இந்த வீடு பெரியவளுக்குப் போயிடும். வீடு இல்லாதவள எவன் கட்டுவான்? அங்க இவளுக்கு ஒரு வீடு கட்டலாம்."

"என் கொட்டகை?"

"இடிச்சுடலாம்."

"அப்ப நான்?"

"உன்னையா இடிக்கச் சொன்னேன்?"

அன்றிலிருந்து சோற்றுக்கு உப்புப் போல தினமும் இதே பேச்சு. மகளுக்குக் கொடுப்பதற்கு வலிக்குமா என்று கேட்பீர்கள். வலித்தது. அந்த நிலம் போனால் இந்தப் பூமியில் நான் நிற்கிற இடமெல்லாம் இன்னொருவர் இடம்.

அதனால்தான் இந்தத் திட்டம். எங்கள் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். பட்டம் கவிழ்ந்தவன் மிதந்துகொண்டே போவான். அடுத்த கரை எகிப்து. அதற்காக ஒரு மீட்புப் படகு எப்போதும் தயாராக நிற்கும். அதை ஓட்டுபவன் நிகித்தாஸ், என் பால்ய சிநேகிதன்.

"நடுக்கடல்ல வேணும்னே பட்டத்தக் கவுத்துடுவேன். செவஸ்தி கரையில நின்னு நல்லா அழட்டும். அப்புறம் நீ வா" என்றேன்.

"எவ்வளவு நேரம் அழணும்?"

"புருஷனோட அருமை தெரியற வரைக்கும்."

"அதுக்குள்ள நீ எகிப்து போயிடுவியேடா."

"வெளிய மூச்சு விடாத."

"நான் ஏன்டா விடப்போறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செவஸ்தி, வெங்காயமும் பாலாடைக்கட்டியும் போட்ட மகரூனெஸ் பாஸ்தாச் சட்டியோடு கடற்கரைக்கு வந்தாள். அவள் பார்க்கும்படி கிளம்பினேன். நடுக்கடலில் பட்டத்தைக் கவிழ்த்தேன். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். கரையில் செவஸ்தி தரையோடு குனிவது தெரிந்தது. மயங்கி விழுகிறாள் என்று மனசு குளிர்ந்தது. அவள் சாப்பிட விரிப்பு விரித்திருக்கிறாள்.

படகு வரவில்லை. கரை சிறுத்துக்கொண்டே போனது. விளையாட்டாக ஆட்டிய கைகளை நிஜமாகவே ஆட்ட ஆரம்பித்தேன். கத்திக் கத்தித் தொண்டை போனது. எகிப்தில் எனக்கு யாரையும் தெரியாது.

கடைசியில் படகு வந்தது. பின்னால் நிகித்தாஸ், என்னைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டு. முன்னால் செவஸ்தி. நடுவில், பூசை அங்கியைக்கூடக் கழற்றாமல், முகம் வெளிறிப்போய், எங்கள் ஊர்ப் பாதிரியார். கை எட்டாத தூரத்தில் படகு நின்றது.

"என்ன மினாஸ், காத்து வாங்கறியா?"

"கயித்தப் போடுடி."

"போடறேன். ரினியோ விஷயம் என்னாச்சு?"

"கடல்ல வச்சுப் பேசற விஷயமா இது?"

"வீட்டுல பேசினா எந்திரிச்சுப் போயிடற. இங்க எங்க போவ?"

"டேய் நிகித்தாஸ், துரோகி."

"நான் என்னடா பண்ணுவேன்? ராத்திரி எனக்குப் படுக்க இடம் வேணுமில்ல?"

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. நிகித்தாஸ் படுப்பது அவன் மனைவி வீட்டில். அவன் மனைவி செவஸ்தியின் சொந்தத் தங்கை. எங்கள் ஊரில் எந்த ஆணிடம் ரகசியம் சொன்னாலும் அது ஒரு வீட்டுக்காரியின் கூரைக்கடியில்தான் போய்த் தூங்கும். எல்லாம் தெரிந்த நான் இதை மறந்தேன்.

"சாமி, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று பாதிரியாரிடம் கெஞ்சினேன்.

"சீக்கிரம் சத்தியம் பண்ணிடுப்பா. எனக்குக் குமட்டுது."

"மகரூனெஸ் வேற ஆறுது" என்றாள் செவஸ்தி.

"மாதா மேல சத்தியமா, நிலம் ரினியோவுக்கு" என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வாயில் அடித்தது.

"பாதிய முழுங்கிட்டான் சாமி. மறுபடி சொல்லச் சொல்லுங்க" என்றாள் செவஸ்தி.

மறுபடி சொன்னேன். கயிறு வந்தது.

படகில் ஏறியதும் செவஸ்தி கையோடு கொண்டுவந்திருந்த துண்டால் என் தலையைத் துவட்டினாள். துண்டைக்கூட முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறாள்.

"கொஞ்சமாவது அழுதியாடி?"

"எதுக்கு? நீ எப்ப கவுக்கப்போறன்னு நேத்தே தெரியுமே."

"நெசமாவே செத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"செத்திருந்தா சத்தியமே வேண்டாம். நிலம் தன்னால புள்ளைங்களுக்கு வந்திருக்கும். அப்படி இருந்தும் படகு எடுத்துட்டு வந்தேன் பாரு" என்று காதைச் சேர்த்து அழுத்தித் துவட்டினாள். "நன்றி சொல்லு."

சொன்னேன்.